நீத்துப்பெட்டிக் குருவி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருக்கிறது. மீன் பொரிக்கவும் மிளகாய் வறுக்கவும் என்றே கட்டியது. வீட்டுக்குள் மீன் பொரித்தால் அடுத்த நாள் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் என் கோட்டு மணக்கும். வீட்டுக்குள் மிளகாய் வறுத்தால் புகை அலாரம் தெருவையே எழுப்பிவிடும். லண்டனில், இந்தத் தோர்ண்டன் ஹீத்தில், எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒன்று உண்டு. மூன்று பக்கமும் பலகை, மேலே பிளாஸ்டிக் தகடு, வீட்டைப் பார்த்த பக்கம் திறந்தபடி. உள்ளே ஒரு பழைய காஸ் அடுப்பு, சட்டி பானை வைக்க ஒரு தட்டு, சுவரில் ஒரு ஆணி. அந்த ஆணியில்தான் பிட்டு அவிக்கிற என் நீத்துப்பெட்டி தொங்கும். ஓலையில் கூம்பாக இழைத்த பெட்டி.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிட்டு அவிக்கலாம் என்று அதை எடுக்கப் போனேன். பெட்டி நிறையப் பாசி. பாசியோடு காய்ந்த இலை, புல், நான் கூட்டுகிற தும்புத்தடியில் இருந்து உருவிய தும்பு. இது என் கணவரின் வேலைதான் என்று உடனே முடிவு செய்தேன். வீட்டில் எது பிழையாய்ப் போனாலும் முதலில் அவரைப் பிடித்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அவரைக் கூப்பிட்டு ஏச வாயைத் திறந்தபோது, பெட்டிக்குள் இருந்து மண்ணிறமாக ஒன்று என் காதை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது.

வேலியில் போய் இருந்து, வாலை நேரே மேலே தூக்கிக்கொண்டு, என்னை ஏசத் தொடங்கியது. கட்டைவிரல் அளவு உடம்பு. அதற்குள் இருந்து அவ்வளவு சத்தம் எப்படி வந்ததென்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. என் வீட்டில், என் பெட்டிக்குள் குடியிருந்துகொண்டு, என்னையே ஏசுகிறது. எனக்கு அதை அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

தேத்தண்ணீரோடு வந்த கணவர் போனில் தேடி வாசித்தார். ரென் என்ற குருவியாம். ஆண்குருவி நாலைந்து இடத்தில் கூடு கட்டி வைத்துவிட்டுப் பாட்டுப் பாடுமாம். பெண்குருவி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, பிடித்த ஒன்றுக்குள் இறகு பரப்பிக் குடிவருமாம். மற்றதெல்லாம் சும்மா கிடக்க வேண்டியதுதான். குரொய்டன் முழுக்க வீடு பார்த்து, எதிலும் ஒரு குறை கண்டு, கடைசியில் இந்த வீட்டுக்கு ஓம் சொன்னவள் நான். அந்தப் பெண்குருவியின் நிலைமை எனக்கு நன்றாக விளங்கியது. ஆனாலும் அது எங்கள் பெட்டியையே எடுக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

என் கணவருக்கு அதை எதிர்பார்த்திருக்க வேறொரு காரணமும் இருந்தது. ரொறன்ரோவில் அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், போன கோடை முழுக்க ஒரு ஹம்மிங்பேர்ட் குருவிக் கூட்டின் வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தா. அந்தரத்தில் நின்று தேன் குடிக்குமாம், பின்பக்கமாகப் பறக்குமாம், முட்டை பயறு அளவாம். லண்டனில் ஹம்மிங்பேர்ட் கிடையாது என்பதைக் கவுன்சிலின் கவலையீனம் மாதிரி எடுத்துக்கொண்டு திரிந்த மனுசன் இவர். இப்போது அவருக்கும் பதிலுக்கு அனுப்ப ஒன்று கிடைத்துவிட்டது.

ஒரு காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். இரண்டு குருவி. ஒன்று வேலியில் இருந்து தொண்டை கிழியப் பாடுகிறது. மற்றது, தன்னைவிடப் பெரிய வெள்ளை இறகு ஒன்றை வாயில் கௌவியபடி, அடுப்பில் ஏறி, தட்டில் ஏறி, பெட்டிக்குள் போய்விட்டது. இறகின் நுனி கொஞ்ச நேரம் வெளியே ஆடியது, பிறகு அதுவும் உள்ளே இழுபட்டது. சமையல் குசினிக்குள் நின்று சந்தோசத்தில் குதித்தேன். ஐம்பது கடந்தவள், வேலைக்கு உடுத்த உடுப்போடு, தனியாகக் குதித்தேன். ரயில் டிப்போவில் ஷிப்டில் நின்றவருக்குப் போன் எடுத்துச் சொன்னதும் அவர் உடனே ரொறன்ரோவுக்கு எடுத்தார். அங்கே அப்போது நடுச்சாமம் என்பது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்ததாம்.

அன்றிலிருந்து பிட்டு இல்லை, பொரித்த மீன் இல்லை, மிளகாய் வறுக்கிற கதையே இல்லை. என் கறித்தூள் முடிந்தபோது வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைத்தூள் வாங்கினேன். குழம்பை வாயில் வைத்ததும் யார் வீட்டுத் தூள் என்று சொல்லக்கூடிய மனுசன் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலையில் குசினிக் கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு நான் அரை மணித்தியாலம் பார்ப்பேன். அவர் ஷிப்ட் முடிந்து வந்து அதே கதிரையில் இருந்து பார்ப்பார். பிறகு இரண்டு பேரும் கண்டதை ஒப்பிட்டுச் சண்டை பிடிப்போம்.

மே மாத நடுவில் குஞ்சு பொரித்தது. ஐந்து. பெட்டியின் வாயில் ஐந்து மஞ்சள் வாய்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த ஊரில் எங்கள் ஆட்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவது பெரும்பாலும் பிள்ளைகளின் காரியத்துக்குத்தான். பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள், பிறந்தநாள், பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் போனோம். எங்கள் வீட்டுக்கு வர ஒருவருக்கும் ஒரு காரணம் இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் விளங்காது. பிள்ளையில்லாதவளின் கண் பொல்லாதது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு எண்ணம். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். நான் தொட்டிலுக்குக் கிட்டப் போனால் பிள்ளைக்குத் திடீரென்று பசி வந்துவிடும், இல்லாவிட்டால் நித்திரை வந்துவிடும், இல்லாவிட்டால் உடுப்பு மாற்ற வேண்டி வந்துவிடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு நானே பிள்ளைகளை ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் காருக்குள் என் கணவர் பொரிந்து தள்ளுவார். படித்த சனம், லண்டனுக்கு வந்த சனம், இன்னும் கண்ணூறு, அதைக் கழிக்கச் செத்தல் மிளகாய் எரிப்பது என்று திரிகிறதே என்பார். அவர் ஏசியது எனக்காக என்று எனக்குத் தெரியும். அது பெரிய ஆறுதல்தான், ஆனால் எனக்குத் தொட்டிலைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் ஆசையாக இருந்தது.

இந்த நிலையில்தான் அவர் கோயிலில் கண்ட ஆட்களிடமெல்லாம் குஞ்சு பொரித்த கதையைச் சொன்னார். அடுத்த சனி, ஞாயிறு வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சின்னப் பிள்ளைகள் மாடியில் குளியலறை ஜன்னலுக்கு வரிசையில் நின்றார்கள், அங்கிருந்துதான் கொட்டிலுக்குள் நன்றாகத் தெரியும். பெரியவர்கள் கேக் கொண்டு வந்தார்கள். நான் றோல்ஸும் கட்லட்டும் செய்து களைத்தேன், களைக்கக் களைக்க இன்னும் செய்தேன். கலியாணத்துக்குப் பரிசாக வந்து, அட்டைப்பெட்டியோடே கிடந்த கோப்பைகளை வெளியே எடுத்தோம். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அக்கா, உங்களைப் பார்க்கப் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறதே என்று போகும்போது ஒருத்தி சொன்னாள். நான் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன், களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை நல்ல மழை. கடைக்குப் போய்விட்டு வந்து முன்கதவைத் திறக்கிறேன், மிளகாய் கருகிய மணம். பைகளைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கொட்டிலின் வாசலில் ஒரு பழைய தாச்சிச் சட்டி, அதற்குள் கரி, கரியில் செத்தல் மிளகாயும் உப்பும் வெடித்துக்கொண்டிருந்தன. ஒரு கையில் குடையோடு அவர் இருமி இருமி வளைந்து நிற்கிறார். காற்று முழுப் புகையையும் கொட்டிலுக்குள் அள்ளிக்கொண்டு போனது. வேலியில் தாய்க்குருவி டிக் டிக் என்று பதறிக் கத்தியது. பெட்டிக்குள் இருந்து ஒரு சத்தமும் இல்லை.

தாச்சியைக் காலால் தள்ளி மழைக்குள் விட்டேன். குசினி மேசைத் துணியை உருவி வந்து புகையை விசுக்கினேன். பெட்டியை எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் நிற்கவும் ஏலவில்லை. நாங்கள் அங்கே நின்றால் தாய் இறங்காது என்று தெரிந்து, அவரைச் சட்டையில் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே போய்க் குளியலறை ஜன்னலில் நின்றேன். தாய்க்குருவி வேலியில். மழை. அது ஒருதரம் அடுப்புவரை வந்தது. திரும்பிப் போய்விட்டது. குஞ்சுகளுக்கு இன்னும் சரியாக இறகு முளைக்கவில்லை, சூடு இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"கண்ணூறு கழிச்சனான்."

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்தது. இருபத்தைந்து வருடமாகக் காருக்குள் பிரசங்கம் வைத்த மனுசன்.

"குருவிக்கோ?"

"குருவிக்கில்லை," என்றார். ஜன்னலில் படிந்த ஆவியைச் சட்டைக் கையால் துடைத்தார். "உமக்குத்தான். நீர் இருந்து பாக்கிற கதிரையைச் சுத்தி மிளகாயை நெருப்பில போட்டனான். இவ்வளவு சந்தோசமா உம்மை நான் கண்டதில்லை. வந்த சனம் முழுக்கக் குருவியைப் பாக்கேல்லை, உம்மைத்தான் பாத்தது. எனக்குப் பயமாப் போச்சு."

வீட்டுக்குள் எரித்தால் அலாரம் அடிக்கும், வெளியே மழை, அதனால் கொட்டில் கூரையின் விளிம்பில் வைத்தாராம். காற்று திரும்பும் என்று நினைக்கவில்லையாம். நான் பிடித்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கை முழுக்க மிளகாய், கொஞ்ச நேரத்தில் எனக்கும் கண் எரிந்தது. இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றோம். இந்த மனுசனை நான் கட்டியதில் எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசம் கலியாணத்தன்று கூட வரவில்லை.

தாய்க்குருவி வேலியை விட்டுக் காணாமல் போனது. அவ்வளவுதான், விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் அடுப்பில் ஒரு அசைவு. வாயில் பச்சைப் புழு. அடுப்பில் இருந்து தட்டு, தட்டில் இருந்து பெட்டி. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மஞ்சள் வாய்கள், ஒன்று, இரண்டு, ஐந்தும். அவர் துள்ளியதில் ஜன்னல் நிலையில் தலை இடித்தது. இடித்த தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

இனி ஒருவரையும் கூப்பிடுவதில்லை என்று அவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். நானும் சரி என்றேன். அடுத்த வாரம் குஞ்சுகள் பெட்டியின் வாயில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே தலை நீட்டத் தொடங்கின. இரண்டொரு நாளில் பறந்துவிடும் என்று போன் சொன்னது. ஞாயிறு காலை தாய் தீனியோடு வந்து, உள்ளே போகாமல், அடுப்பில் நின்று அவற்றைக் கூப்பிட்டது. இதை நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்ப்பது எனக்குப் போதவில்லை.

"எல்லாரையும் வரச் சொல்லுங்கோ," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "நான் சந்தோசமாத்தான் இருக்கிறன். வந்து பாத்திட்டுப் போகட்டும்."

கிட்ட இருந்தவர்கள் வந்துவிட்டார்கள், சிலர் வீட்டு உடுப்போடு. குசினிக் கதவடியில் நெருக்கம், ஆனால் மூச்சுச் சத்தம் மட்டும்தான். முதல் குஞ்சு பறக்கவில்லை, விழுந்தது. அடுப்பில் இருந்து எழும்பி, தன் சின்ன வாலைத் தூக்கி, வேலிவரை எப்படியோ போய்ச் சேர்ந்தது. எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டோம். இரண்டாவது நேரே பறந்தது. மூன்றாவது தட்டில் நின்று யோசித்தது, நாலாவது அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. என் கணவர் போனைப் பிடித்தபடி ரொறன்ரோவுக்கு நேரடி வர்ணனை செய்துகொண்டிருந்தார்.

அடுத்த தெருவில் இருந்து வந்த இளம்பெண் ஒருத்தி பின்னால் நின்றாள். தோளில் நாலு மாதப் பெண் குழந்தை. எட்டி எட்டிப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசிக் குஞ்சு வெளியே தலை நீட்டியதும் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, இவளை ஒருக்காப் பிடியுங்கோ," என்று சொல்லி, என் முகத்தைக்கூடப் பாராமல் பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு ஆட்களுக்குள் நுழைந்து முன்னால் போய்விட்டாள்.

பிள்ளை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. வர்ணனை நின்றதில் நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் போனைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பக் குனிந்து பிள்ளையை நேருக்கு நேர் பார்த்தேன். நெற்றி, இமை, பல்லில்லாத வாய், எச்சில் வழிந்த நாடி, எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்த்தேன். முன்னால் எல்லாரும் கை தட்டினார்கள். ஐந்தாவதும் பறந்துவிட்டதாம். நான் அதைக் காணவில்லை.