தண்ணீர் ஊற்ற ஓர் ஆள்

விழுப்புரத்தில் சகலை வீட்டுக்குப் போனால் காபி வருவதற்குள் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று பூங்காவுக்கு அழைத்துப்போவார். அங்கே புல் பச்சையாக இருக்கும். குழாயில் தண்ணீர் வரும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட உண்டு. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். பாராட்ட வாய் வராது.

திண்டிவனத்தில் எங்கள் பூங்காவிலும் நீரூற்று, உடற்பயிற்சிக் கருவிகள், வாசல் வளைவு எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வெட்டு. நீரூற்றில் சருகு கிடக்கிறது. கருவிகளில் யாரோ துணி காயப்போடுகிறார்கள். நாங்கள் நட்ட வேப்பங்கன்றுகள் போன கோடையில் கருகிவிட்டன. மிஞ்சிய புங்கங்கன்றுகள் இந்தக் கோடையைத் தாண்டுமா என்பதுதான் காலை நடைக்கு வருகிற எங்களுடைய கவலை.

"உங்க ஊருக்கு மட்டும் எப்படிங்க?" என்று ஒருநாள் சகலையிடம் கேட்டே விட்டேன்.

"புதுசா யாரு பதவிக்கு வந்தாலும் சால்வையப் போத்திட்டு எதுனா கட்டிக் குடுங்கன்னு கேக்கறீங்க சகலை. நாங்க ஒண்ணும் கட்டச் சொல்லல. தண்ணி ஊத்தற ஆளுக்கு வருசா வருசம் பட்ஜெட்ல சம்பளம் வையுங்கன்னு அலைஞ்சிகினே இருந்தோம்."

சரியான பதில். அதனாலேயே எரிச்சல் கூடியது. ஊர் திரும்பும் வழியில் கூட்டேரிப்பட்டு தாண்டியும் அடங்கவில்லை.

எங்கள் கவுன்சிலர் பூங்காவுக்கு வந்தபோது வழக்கம்போல் சால்வை போர்த்தினோம். நண்பர் ஒருவர் நிழற்குடை கேட்க வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, கட்டடம் வேண்டாம், தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் போதும் என்றேன்.

"அது சரி சார், அதுக்குக் கல்வெட்ட எங்க வைக்கறது?"

"அந்த ஆள் சட்டை முதுகுல உங்க பேரப் போட்டுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலர் மட்டும் யோசித்தார்.

நகராட்சியில் அவர் பேசி ஆள் வந்துவிட்டார். முதுகில் கவுன்சிலர் பெயர், கையில் ரப்பர் குழாய். புங்கங்கன்றுகள் துளிர்த்தன. ஆனால் உத்தரவு இந்த ஓர் ஆண்டுக்குத்தான். அடுத்த ஆண்டு எப்படி என்று கேட்டதற்கு, அப்போது வந்து கேளுங்கள், பார்க்கலாம் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி விழுப்புரம் போயிருந்தேன். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரைச் சுற்றிப்போய் முதுகைப் பார்த்தேன். வெறும் காக்கிச் சட்டை. யார் பெயரும் இல்லை. சகலை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். என் காதில் ஏறவில்லை.