சம்பந்திக்கு முதுகு காட்டிய ஒரு நிமிஷம்

தருமபுரத்தில் என் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கூடம் வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சாயங்காலமானால் தலைக்கு மேல் டப், டப். ரவிக்கைத் துணி கிழிக்கிற சத்தம் அளவுதான். ஆனாலும் என்ன ஏதென்று பார்க்காமல் இருக்க என்னால் முடியுமா? ஏறிப் போனேன்.

பயிற்சி கொடுக்கிற பெண் பட்டினச்சேரிக்காரி, என் மகளைவிட இரண்டு வயது சின்னவள். சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்கம்மா என்று துப்பாக்கியைக் கொடுத்தாள். பத்து மீட்டர் தள்ளி அட்டை, அதில் கறுப்பு வட்டம். நான் சுட்ட குண்டு பக்கத்து ஆளின் அட்டையில் போய் உட்கார்ந்தது. அவருக்கு ஒண்ணு இனாமாக் கொடுத்துட்டீங்க என்றாள். அந்த வாய்க்காகவே அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். நாலு பேர் பேசுவதைக் கேட்டு மனசில் முடிந்துகொள்கிற ஆள் நான்.

நிற்பது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விசையை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்துவது எல்லாம் மெல்ல மெல்ல வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. இருபது வருஷம் கடையில் உட்கார்ந்தவளுக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும், வாய் "வாங்க" என்று சொல்லிவிடும். கையில் துப்பாக்கி இருந்தால் அதுவும் கூடத் திரும்பும்.

முதல் தடவை வந்தவர் கரண்ட் மீட்டர் பார்க்கிறவர். குழாய் தன் பக்கம் வருவதைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே குண்டு இல்லை என்றேன். இல்லாவிட்டாலும் இருப்பதாகத்தான் நினைக்கணும், குழாய் எப்போதும் அட்டை மாட்டிய சுவரைத்தான் பார்க்கணும் என்று பயிற்சிக்காரப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாவது தடவை தண்ணீர் கேன்காரர். கேனை இறக்கிவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை திரும்புனீங்கன்னா வேணாம்மா. கடையோட இருந்துக்குங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. கடை, வீடு, மகள் கல்யாணம் என்று ஓடியவளுக்கு, எனக்கே எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

ஒரு மாதம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒழுங்காக இருந்தேன். அப்புறம் ஒரு புதன்கிழமை. பத்துக் குண்டுக்கு மதிப்பெண் போடுகிற நாள். எட்டாவதைப் போட்டுத் தோளில் ஏற்றி, கறுப்பு வட்டம் அசையாமல் நிற்கிற நேரம், பின்னால் ஒரு குரல்.

"சம்பந்தி இங்கதான் இருக்காங்களா?"

பூவத்துச் சம்பந்தியம்மா. மகளின் மாமியார். கடையில் என்னைக் காணாமல் மூட்டுவலியோடு ஏறி வந்திருக்கிறார்கள். பெண்ணைக் கொடுத்தவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் எங்கள் பக்கம் அது எத்தனை வருஷத்துப் பேச்சு தெரியுமா? கழுத்து நரம்பு இழுத்தது. திரும்பவில்லை. சுட்டேன். உள்ளே காலிதானா என்று பார்த்து, காலி என்பதற்கு அடையாளமாகக் குழாயில் மஞ்சள் கயிற்றைக் கோத்து, சுவரைப் பார்த்தபடியே மேஜையில் கிடத்தி, ஓரடி பின்வாங்கினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். பயிற்சிக்காரப் பெண்ணுக்கே பொறுக்காமல், வாங்கம்மா, அவங்க இப்பத் திரும்பக் கூடாது என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

திரும்பி, "வாங்க சம்பந்தி" என்றேன்.

அவர்கள் உட்காரவில்லை. வரவழைத்த டீயில் பாதியை நின்றபடியே குடித்தார்கள்.

"நீங்க பூவத்துக்கு வாங்க. நானும் ஒரு நிமிஷம் முதுகைக் காட்டிட்டுத்தான் வாங்கன்னு சொல்லுவேன்."

எட்டாவது குண்டுக்குப் பத்துக்கு மூன்றுதான். பயிற்சிக்காரப் பெண் அட்டையைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கு வந்துடுங்க என்றாள்.

பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு பூவம் போனேன். சம்பந்தியம்மா சொன்ன சொல் தவறாதவர்கள். எனக்கு முதுகைக் காட்டியபடியே பாலை இறக்கினார்கள், கரண்டியைக் கழுவினார்கள், கையை நிதானமாகத் துடைத்தார்கள். நான் தட்டோடு வாசற்படியில். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

ஒருவழியாகத் திரும்பினார்கள்.

"வாங்க சம்பந்தி. தட்டு இந்த ஆட்டம் ஆடுது. இந்தக் கையிலயா துப்பாக்கி புடிக்கிறீங்க?"