விசில்காரர் வீட்டு விருந்தாளிகள்

வாசலில் புது நாய் ஒன்று வந்து நின்றால் விசில்காரர் முதலில் செய்வது கொட்டாவி விடுவதுதான். கண்ணைச் சொருகி, வாயை அகலத் திறந்து, தாடை கழன்றுவிடுமோ என்று பார்ப்பவர் பயப்படும்படி ஒரு கொட்டாவி. பிறகு நாய்க்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, சுவரில் ஏதோ படம் ஓடுவதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் நாயே மெல்ல வந்து அவர் முழங்கையை மோந்து பார்க்கும்.

"நேருக்கு நேர் மொறச்சுப் பாத்தா சண்டைக்குக் கூப்புடறோம்னு அர்த்தம். கொட்டாவி விட்டா 'நான் வம்புக்கு வரலப்பா'ன்னு அர்த்தம். நாய் பாஷையில எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்" என்பார்.

பேருந்து நடத்துநராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் அடுத்த நிறுத்தத்தில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான் என்று தெருவில் சொல்வார்கள். ஓய்வு பெற்றபின், வெளியூர் போகிறவர்களின் நாய்களையும் பூனைகளையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அதட்டினால் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். பூனைகள் நகராது. "அதுங்க பாஸ் வச்சிருக்குதுங்க" என்பார்.

யாரோ விட்டுப்போன சண்டைமீன் ஒன்றும் முன்னறைத் தொட்டியில் இருக்கிறது. மனைவி தையல் வேலைக்காக வைத்திருக்கும் ஆளுயரக் கண்ணாடியில் தன்னையே பார்த்து, செவுளை விரித்துச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். கண்ணாடியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிய விசில்காரர் மனைவியிடம், "தன்னோடவே மல்லுக்கு நிக்குது. அப்படியே உங்கண்ணன்" என்றார். அன்று மாலை அவருக்குக் காபி கிடைக்கவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் சிப்பாய் வந்தது. வயதான பழுப்பு நாய். கூட்டிவந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. பெண்ணின் இடுப்பில் தவழும் வயதுக் குழந்தை.

கணவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து எங்கூட இருக்கு மாமா. இப்பக் கொஞ்ச நாளா கூப்பிட்டா வர்றதில்ல. கிட்டப் போனா சீறுது. நேத்து பாப்பா பின்னாலேர்ந்து தொட்டா. சடக்குன்னு திரும்பிக் கடிக்கப் போயிடுச்சு. ஊசி போட்டு முடிச்சுடுங்கன்னு வீட்ல பெரியவங்க சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஒரு வாரம் வச்சுப் பாத்து நீங்களே சொல்லுங்க."

கொட்டாவிக்குச் சிப்பாய் மசிந்தது. முழங்கையையும் மோந்தது. ஆனால் மறுநாள் அவர் சோற்றுத் தட்டை ஏந்தி, "சிப்பாய், சாப்பாடு!" என்று கத்திக்கொண்டே பின்புறமாக வந்து அதன் முதுகைத் தொட்டபோது, துள்ளித் திரும்பி அவர் மணிக்கட்டில் பல்லைப் பதித்துவிட்டது. தோல் மட்டும் கீறியிருந்தது. அதைவிட மனசு கீறியிருந்தது.

"திமிரு. தொண்டை கிழியக் கத்தறேன், கல்லு மாதிரி படுத்திருக்கு" என்று மனைவியிடம் புலம்பினார். சிப்பாயை விட்டுப்போன பையனிடம் என்ன பதில் சொல்வது என்று நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் மதியம் சமையலறையில் மனைவியின் கை தவறிப் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் தரையில் விழுந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். நாய்கள் குரைத்துக்கொண்டு எழுந்தன, பூனைகள் கட்டிலுக்கடியில் மறைந்தன, விசில்காரரே நாற்காலியிலிருந்து துள்ளினார். கூடத்து மூலையில், தடித்த குஷனில் படுத்திருந்த சிப்பாய் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. காதுமடல்கூட அசையவில்லை.

மனைவி கதவோரம் நின்று அதையே பார்த்தாள். "என்னங்க, இதுக்குத் திமிரும் இல்ல ஒண்ணும் இல்ல. காது கேக்கல, பாவம்."

அவர் அதன் முதுகுக்குப் பின்னால் போய்க் கைதட்டினார். பேருந்துக் குரலில் கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் எவனோ திடீர்னு மேல விழுந்த மாதிரி இருந்திருக்குமே அதுக்கு" என்றார். கீறலைத் தடவிக்கொண்டே நெடுநேரம் அதன் பக்கத்திலேயே இருந்தார்.

கால்நடை மருத்துவரும் பார்த்துவிட்டு, வயதாகிக் காது போய்விட்டது, இனித் திரும்பாது என்றார். அன்றிலிருந்து விசில்காரர் வேறு மனிதரானார். சிப்பாயை நெருங்கும்முன், தள்ளி நின்றே தரையில் காலால் தட்டுவார். அதிர்வு பாதத்தில் பட்டு அது திரும்பிப் பார்க்கும்வரை காத்திருப்பார். பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். வா என்று பொருள். அது வந்தால் மோவாயைச் சொறிந்துவிடுவார். நாளெல்லாம் இதே வேலை. வீட்டில் அவர் குரலே கேட்காததால் பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள்.

"நல்லாத்தான் இருக்கார். இந்த வாரந்தான் என் தையல் மெஷின் சத்தமே எனக்குக் கேக்குது" என்றாள் மனைவி.

வாரக் கடைசியில் தம்பதி வந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் கணவன் சிப்பாய்க்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றான். பிறகு, விசில்காரர் சொல்லிக்கொடுத்தபடி, தயங்கித் தயங்கிக் காலால் தரையைத் தட்டினான். சிப்பாய் திரும்பியது. அவன் கையை விரித்தான். அது எழுந்து வந்து, வாலை ஆட்டிக்கொண்டே அவன் வயிற்றில் தலையை முட்டிவைத்து நின்றது. அவன் குனிந்து அதைக் கட்டிக்கொண்டான்.

"பாப்பாவுக்கும் இதச் சொல்லிக் குடுக்கலாமா மாமா?" என்று கேட்டாள் அவன் மனைவி.

"இப்ப வேணாம்மா. அவ வளர்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் நடுவுல நீங்க யாராவது இருங்க. தூங்கறப்ப கிட்ட விடவே விடாதீங்க. பெரியவங்ககிட்ட நான் வந்து பேசறேன்."

சிப்பாயைக் காரின் பின்னிருக்கையில் ஏற்றிப் படுக்கவைத்தார்கள். வண்டி கிளம்பும் நேரம் விசில்காரர், பழக்க தோஷத்தில், வழியனுப்ப வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். பிறகு ஓரடி முன்னால் வந்து, காரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் பலமாக இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே சிப்பாய் தலையைத் தூக்கி, சன்னல் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தது.