ஸ்மார்ட் போர்டின் கவரை உரித்த ரஹ்மத் டீச்சர்

ரஹ்மத் டீச்சர் இன்று காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். கோரிப்பாளையத்தில், மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவர் அறிவியல், நான் தமிழ். பதினோரு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூம்.

அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது... பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பேனர் வந்திருக்கிறது. போர்டு பக்கத்தில் டீச்சர் நிற்கும் படம், மேலே "ஸ்மார்ட் வகுப்பறையின் முன்னோடி". அனுப்பியவர் அன்றைய ஹெச்.எம்., இப்போது ஓய்வில் இருப்பவர்.

முன்னோடியாம்.

அந்த போர்டு வந்து இரண்டு வருடம் பூட்டிய அறையில்தான் கிடந்தது. கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் கவரைக்கூட யாரும் உரிக்கவில்லை. ஆயுத பூஜைக்குத் திறப்போம். கவர் மேலேயே சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, சுண்டல் தின்றுவிட்டு மறுபடி பூட்டுவோம். நானும்தான் தின்றேன்.

ஒருநாள் டீச்சர் சாவி கேட்டார்.

"ஆபீசர் வர்ற அன்னைக்குப் பளபளன்னு இருக்கணும்ல டீச்சர்" என்றார் ஹெச்.எம்.

"இது என்ன சார், சீர்ல வந்த பட்டுச்சேலையா? மடிச்சு வச்சு அழகு பாக்க?"

சாவியை வாங்கினார். பிள்ளைகள் முன்னால் கவரை உரித்தார். அந்தச் சத்தத்துக்கே எட்டாம் வகுப்பு கைதட்டியது.

அவர் வகுப்பை நான் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். தன் செல்போன் கேமரா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதற்கு மேல் வெங்காயச் சவ்வைப் பிடித்தார். போனை வயரில் போர்டோடு இணைத்திருந்தார். சவ்வு சுவர் அளவுக்கு விரிந்தது.

"டீச்சர், வெங்காயத்துக்குள்ள செங்கல் கட்டி வச்சிருக்காக" என்றாள் முத்துமாரி. அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"அதுதாம்மா செல்லு. உன் கையிலயும் இருக்கு, பாப்போமா?"

அதற்கப்புறம் மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

நான்கே மாதம்... ஒருநாள் வோல்டேஜ் ஏறி, திரையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. கோடுதான். படம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் மெமோ வந்தது. "உரிய அனுமதியின்றி, கவனக்குறைவாகப் பயன்படுத்திப் பள்ளிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தமைக்கு..."

சாவி கொடுத்தவரே கையெழுத்துப் போட்ட மெமோ.

அறை மறுபடி பூட்டப்பட்டது. ஆபீசர் வந்தால் திறப்பார்கள், டீச்சரையும் பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பேனரில் இருப்பது அப்படி எடுத்த படம்தான். அவர் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிரிப்பே இருக்காது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

அந்த மெமோவை எழுதியது நான். தமிழாசிரியர் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். "கவனக்குறைவாக" என்ற சொல் ஹெச்.எம். சொன்னதுகூட இல்லை, நானாகப் போட்டது. வாக்கியம் நிறைவாக இருக்கட்டும் என்று...

டீச்சருக்குத் தெரியும். படித்துவிட்டு என்னிடம் வந்தார். "எழுத்து நல்லா இருக்கு சார். படிக்கிறவுகளுக்கு நான் களவாணி மாதிரில்ல தெரியுது?"

மதியம் எப்போதும் போல டிபன் மூடியில் எனக்கும் ஒரு பங்கு வைத்தார். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

இப்போது குரூப்பில் கேட்கிறார்கள், இரங்கல் உரையையும் நீங்களே எழுதுங்கள் சார், உங்கள் தமிழ் நன்றாக இருக்குமே என்று.

எழுதுகிறேன், ஆனால் மெமோவை முதல் பத்தியில் வைத்துத்தான் எழுதுவேன், யார் எழுதியது என்பதோடு... என்று பதில் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

கோரிப்பாளையம் கிளம்புகிறேன்.

மன்னிச்சிருங்க டீச்சர். நேர்ல சொல்ல எனக்கு அம்புட்டு நாள் இருந்துச்சு.