சாவிக்கும் டாக்டர் சீட்டு

என் எழுத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு. டாக்டர் சீட்டுகளையே பார்த்துப் பார்த்து என் கையும் அப்படி ஆகிவிட்டது என்று கடையில் கேலி செய்வார்கள். டாக்டர் எழுத்தையாவது படிப்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். என் எழுத்துக்கு யார் இருக்கிறார்கள்?

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். சொல்கிற மருந்தை அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது பார்மசிஸ்ட் வேலை. இந்தப் பிரிவினை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். மருந்து டப்பாக்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது இருக்கும் பார்மசிஸ்ட் சின்ன வயதுப் பெண். நான் மேடம் என்று கூப்பிடுவேன். வாடிக்கையாளர்கள் பாப்பா என்பார்கள், மருந்து இல்லை என்று சொல்லும்வரை. எங்கள் பக்கத்தில் உடம்பு வலித்தால் கடைக்கு வந்து, "ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு போடுங்க" என்பது வழக்கம். நாலைந்து நிறத்தில் உதிரி மாத்திரைகளைச் சின்னக் கவரில் போட்டு வாங்கிப் போவார்கள். என்ன மாத்திரை என்று கேட்டால் மஞ்சள் ஒன்று, வெள்ளை ரெண்டு என்று பதில் வரும். மேடம் வந்த முதல் வாரமே அதை நிறுத்தினார். அட்டையிலிருந்து மாத்திரை வெட்டும்போது பேரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். முதலாளி முனகினார். ஆனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த உரிமத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு முனகலை நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் அத்தான் வந்தார்.

அக்காவைக் கட்டியவர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். அவருக்கு உலகத்தில் பெரியது அவருடைய மோட்டார் சைக்கிள். அக்கா அதற்கு அடுத்தபடி. இதை அக்காவே சொல்வாள். வண்டிச் சத்தம் கேட்டதும் முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தான் பேச ஆரம்பித்தால் எல்லைப்புறம்வரை போய்த்தான் திரும்புவார் என்பது அவருக்குத் தெரியும்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பளபளவென்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊர் டாக்டர் பிரஷருக்கு எழுதிக் கொடுத்த சீட்டு. அதை அப்படியே லேமினேஷன் செய்து வைத்திருந்தார். மழையில் நனையாது, வேர்வையில் கரையாது, சாகும்வரைக்கும் இது போதும் என்பது அவர் கணக்கு. இவ்வளவு நாளும் அவர் தெருமுனைக் கடையில் இதைக் காட்டி வாங்கி வந்திருக்கிறார். அந்தக் கடை மூடிவிட்டது. மற்ற கடைகளில் புதுச் சீட்டு கேட்டிருக்கிறார்கள். மச்சினன் கடை இருக்கிறதே என்று இங்கே வந்துவிட்டார்.

நான் சீட்டை மேடம் பக்கம் தள்ளிவிட்டு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். டாக்டர் ஒரு மாதத்துக்குத்தான் எழுதியிருக்கிறார், திரும்பத் திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதவில்லை. மருந்து கொடுத்தால் கொடுத்த தேதியும் கடை முத்திரையும் சீட்டிலேயே இருக்க வேண்டும். இதில் எங்கே குத்துவது?

"மேலேயே குத்து தாயி. இடமா இல்ல?" என்றார் அத்தான்.

புரியட்டும் என்று மேடம் குத்திக் காட்டினார். மை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழுக்கியது. அத்தான் தோள் துண்டால் ஒரே இழுப்பில் துடைத்தார். "பாத்தியா? மறுபடியும் புதுசு. எத்தனை வருசத்துக்கு வேணும்னாலும் குத்திக்கலாம்."

இருமல் மருந்து வாங்க வந்து நின்ற அம்மா ஒருவர் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. டாக்டர் வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே, போய்ப் புதுச் சீட்டு வாங்கி வரலாமே என்றார். அத்தானோ, பட்டாளத்தில் தன் அடையாள அட்டையை யாரும் ரெண்டாம் தடவை கேட்டதில்லை என்று வேறு பக்கம் போனார்.

அவர் ஏன் டாக்டரிடம் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே டாக்டர், இந்த வயதில் அந்தக் கனத்த வண்டி எதற்கு என்று கேட்டிருந்தார். மறுபடி போனால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று பயம். எல்லையில் பயப்படாத மனிதர், ஒரு ஸ்டெதாஸ்கோப்புக்குப் பயந்து மூன்று வருஷம் ஒளிந்திருந்தார்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். போன வாரம் வீட்டு வாசலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, வண்டியோடு சரிந்திருக்கிறார். அக்கா போனில் சொன்னாள். "அவிய கிட்ட கேட்டுராத. நான் சொன்னேன்னு தெரிஞ்சா சாப்பிட மாட்டாவ" என்றும் சொன்னாள்.

மேடம் கேட்டார்: "ஐயா, எந்திரிச்சு நிக்கையில கிறுகிறுங்குதா?"

"எனக்கா? பட்டாளத்துக்காரன் தாயி நான்."

அப்போது அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "போன வாரம் வண்டியோட சாஞ்சுட்டாவ." அது என் குரல்தான். இருமல் மருந்து பாட்டில்களைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் கடையில் நான் சத்தமாகச் சொன்ன நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

அத்தான் முகம் சிவந்தது. "ஏலே, உங்க அக்கா வச்ச ஆளா நீ?"

என்னிடம் பேச்சுக் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

மேடம் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, பிரஷர் மெஷின் பட்டையைக் கையில் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். மறு கையிலும் பார்த்தார். ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார்.

"குறைவுதானே? அப்ப பாஸ்தானே?"

"அளவுக்கு மேல குறைஞ்சாலும் விழுந்துருவீங்க ஐயா. மாத்திரையக் குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல. கூட்டவும் இல்ல. நிறுத்தவும் இல்ல. டாக்டர்தான் சொல்லணும். இப்பவே போங்க. வண்டியில போகாதீங்க."

அத்தான் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். கனமான சாவி. கோவில் சாவி மாதிரி.

டாக்டர் வீட்டுக்கு நடந்தே போனோம். டாக்டர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையெழுத்துக்கு இவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை என்றார். எடை பார்த்தார். இந்த மூன்று வருஷத்தில் அத்தான் நன்றாக இளைத்திருந்தார். அப்போதைய கனத்த உடம்புக்கு எழுதிய அளவு இப்போது அதிகம் என்று சொல்லி, பாதியாகக் குறைத்துப் புதுச் சீட்டு எழுதினார். இனி மாதாமாதம் வர வேண்டும், பிரஷர் நிலைக்கு வந்தது என்று அவர் சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றார். அத்தான், டாக்டர் மேசையில் இருந்த காகிதம் அமுக்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் நகரும்வரை வண்டி நின்ற பக்கமே பார்த்தார்.

வண்டியைக் கடைப் பின்கட்டில் தள்ளி வைத்தோம். சாவியை மேடம் வாங்கி, சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாத மாத்திரைகள் இருக்கும் பூட்டு போட்ட டிராயரில் வைத்தார். "இதுவும் அந்த வகைதான்" என்றார். மேடம் கேலி பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வீட்டில் நாற்காலியும் அத்தானுமாக ஒரு மாதம் எப்படிப் போயிற்று என்பதை அக்கா தினமும் போனில் சொன்னாள். தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்தே யார் வண்டியில் என்ன கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நடுநடுவே பஸ்ஸில் வந்து, வண்டிக்குத் தூசி தட்டிவிட்டுப் போவார். இஞ்சினை ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன், பேட்டரி இறங்கிவிடும் என்று கெஞ்சினார். முதலாளிகூட இரங்கிவிட்டார். மேடம் டிராயரைத் திறக்கவில்லை.

மாதம் முடிந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், சீட்டை மேசைமேல் விரித்து வைத்தார். மாத்திரைக்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. அத்தான் கேட்டு வாங்கியதாம். பகலில் ஓட்டலாம், முதலில் சில நாள் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். மேடம் அதை ரெண்டு தடவை படித்தார். மாத்திரையைக் கொடுத்தார். முத்திரை குத்தித் தேதி போட்டார். அப்புறம் டிராயரைத் திறந்தார்.

துணைக்கு ஒருவர் என்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

மில் ஷிப்டு விட்டு சைக்கிள்கள் ரோட்டை அடைத்திருந்தன. அத்தான் இவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த நான், கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை கிறுகிறுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"கேக்காத மாப்ள. நீ கேட்டாத்தான் சுத்துது."

அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் தோளை மட்டும் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் சேர்ந்தே விழுவோம் என்று நினைத்தேன். விழவில்லை.

வாசலில் அக்கா நின்றாள். வண்டியைப் பார்க்கவில்லை. அவர் இறங்கி, காலை ஊன்றி, நிமிர்ந்து நிற்கும்வரை முகத்தையே பார்த்தாள். நின்றார். "உள்ள வாங்க, காப்பி ஆறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை அத்தான் பார்க்கவில்லை. வண்டியில் சேறு பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது டீக்கடையில் அத்தான் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார். அதில் கிறுகிறுப்பை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். பார்மசிஸ்டுக்கு விவரம் சொன்னவரும் அவர்தான். நான் அந்தக் கதையில் வருவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டு கேட்கிறேன். மறுத்துப் பேச எனக்கு வராது. அதனால்தான் கடை லீவு நாளில் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

ஐப்பசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.