தகரத் தவளை

கள்ளக்குறிச்சியில் எங்கள் பழைய வீட்டை இடித்த மனையில், மெட்டல் டிடெக்டர் கத்திய இடத்தைத் தோண்டி மகன் எடுத்த துருப்பிடித்த தகரம் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. அடியில் இருந்த எஃகுப் பட்டையைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அழுத்தினால் டக் டக்கென்னும் என் சின்ன வயதுப் பொம்மைத் தவளை.

சின்னசேலத்தில் வியாபாரம் முடித்து வரும் அத்தா தெருமுனையில் சைக்கிள் மணி அடிப்பார், நான் தவளையால் பதில் சொல்வேன், அப்புறம்தான் அம்மா தோசைக்கல்லைப் போடுவாள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த அன்று, இருட்டியும் மணி கேட்கவில்லை. பயத்தில் நான் தவளையை அழுத்திக்கொண்டே இருந்தேன். “டக்கு டக்குனு அடிச்சிக்கினே இருந்தா பெல்லு எப்டிடீ காதுல வுழும்?” என்று பிடுங்கிக் கொல்லையில் வீசினாள் அம்மா.

கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது. மறுபடி கேட்டது, நிற்காமல் கேட்டது. பதில் வராததால், எங்களுக்கு என்ன ஆனதோ என்று உள்ளே வரக் கால் எழாமல், அத்தா தெருமுனையிலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தார்.