மைமூனாவின் முதல் மாணவர்

மூதூர் மைமூனாவுக்கு நாற்பத்து நான்கு வயதில் வேலைக்குப் போகும் ஆசை வந்தது. பிள்ளைகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டார்கள். வீட்டில் அதட்டுவதற்கு ஆளில்லை. முதலில் தையல் பழகினார். சட்டையின் இரண்டு கைகளையும் ஒரே பக்கத்தில் பொருத்திவிட்டு, துணி சரியில்லை என்றார். கேக் செய்யவும் பழகினார். அதைப் பற்றி அவர் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

கடைசியில், திருகோணமலையில் ஒரு சாரதிப் பயிற்சி நிலையம் பெண்களுக்குக் கார் பழக்க ஒரு பெண்ணைத் தேடுவதாகக் கேள்விப்பட்டார். கார் ஓடுவதில் மைமூனா கெட்டிக்காரி. பழக்கிப் பார்க்கத்தான் ஒரு மாணவர் தேவைப்பட்டார். லொறிச் சாரதியான கணவர் ஸெய்னுதீன் அகப்பட்டார்.

"ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி ஓடுங்க," என்றார் மைமூனா.

ஸெய்னுதீன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காரை எடுத்தார்.

"நிப்பாட்டுங்க. கண்ணாடிய ஆர் பாக்கிறது?"

"நடிக்கத்தானே சொன்ன நீ?"

"இது நடிப்பில்ல. லொறியையும் இப்பிடித்தான் ஓடுறீங்க."

அதன் பிறகு ஸெய்னுதீன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்ததில், கார் இரண்டு தரம் நின்றுபோனது.

நேர்முகத் தேர்வில் மைமூனா தேறினார். முதல் நாள் வந்த மாணவி பிரேக்குக்குப் பதிலாக அக்சிலேட்டரை மிதித்து ஒரு வேலியைச் சாய்த்துவிட்டார்.

"பாவம், பயந்துபோனா. தண்ணி குடுத்து, பரவாயில்ல, பழகலாம் எண்டு சொன்னன்," என்று அன்று மாலை மைமூனா கணவரிடம் சொன்னார்.

ஸெய்னுதீனுக்கு மனம் தாங்கவில்லை. "வேலிய இடிச்சவக்குத் தண்ணி, எனக்கு மட்டும் ஏச்சா?"

"அவ சொன்னாக் கேக்கிறா," என்றார் மைமூனா.